பன்னிரண்டாம் வகுப்பும் கல்லூரி விண்ணப்பமும்

பாவு சீராக அமையாவிடில் துணி சீராக அமையாது. நாற்றங்கால் பிந்தினால் நடவும் பிந்தும். இவற்றை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் விஷயத்தில் மட்டும், தேர்வு முடிவு வந்த பிறகே நாம் எழுந்து நடக்கத் தொடங்குகிறோம். அதற்குள் நாட்கள் கடந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அங்கத்தினர் ஒருவரின் மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். பள்ளிச் சான்றில் தகப்பனார் பெயர் ஒருவிதமாகவும், சாதிச் சான்றில் வேறுவிதமாகவும் இருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்தது. ஓராண்டு முழுவதும் அப்பெண் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். மறு ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள் எனினும், இழந்த ஆண்டு இழந்ததே. முன்கூட்டி அவர்களுக்கு எடுத்துரைக்காத குறை நம்முடையதும் ஆகும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டியதை இங்கே கூறுகிறோம்.

1. ஜூன் முதல் செப்டம்பர் வரை: சான்றுகள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக இப்பொழுதே பெறுதல் வேண்டும். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லையாயின், முதல் பட்டதாரிச் சான்றும் அவசியம். தொழிற்கல்வியில் கலந்தாய்வு வழியே சேருவோருக்கு இதனால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். மத்திய அரசின் கல்வி நிலையங்களை நாடும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், அதற்குரிய தனிப் படிவத்தில் வேறொரு சான்று பெற வேண்டும். அது பொதுவாக ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பின் வாங்கியதாக இருத்தல் வேண்டும்.

எல்லாத் தாள்களிலும், ஆதாரிலும், பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றேயா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். பொதுத் தேர்வுக்குரிய பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் தயாரிக்கும்போதே பிழையைத் திருத்துவது எளிது.

2. அக்டோபர் முதல் ஜனவரி வரை: பாதையைத் தேர்தல்

தமிழ்நாட்டில் பொறியியற் படிப்பிற்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மதிப்பெண்களைச் சுருக்கி, 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை வகுக்கின்றனர். மருத்துவத்திற்கு நீட் தேர்வும், மத்தியப் பொறியியல் நிலையங்களுக்கு ஜேஇஇ தேர்வும் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடைபெற்று வருகிறது. ஜனவரித் தேர்வுக்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தீபாவளித் துணியும் தை அறுவடையும் நம் கவனத்தைக் கவரும் காலம் இதுவே என்பதை மறத்தலாகாது.

நம் தொழிலை ஒட்டிய கல்வியும் உண்டு. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குரிய விண்ணப்பம் பொறியியல் விண்ணப்பத்தின் வேறானது. சேலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

3. பிப்ரவரி, மார்ச்: தேர்வுக் காலம்

இக்காலத்தில் பிள்ளையை எந்த அலுவலகத்திற்கும் அலைய விடலாகாது. தறி வேலையிலிருந்தும் வயல் வேலையிலிருந்தும் விடுவித்தல் பெற்றோர் கடமை.

4. மே முதல்: விண்ணப்பமும் விருப்பப் பட்டியலும்

விண்ணப்பங்கள் இணையதளம் வழியாகவே ஏற்கப்படுகின்றன. கணினி மையத்தில் பதிவு செய்யும்போது மையத்தாரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் பின்னர் செய்தி வரவில்லையே என வருந்துவோர் பலர். நம் சொந்த எண்ணையே கொடுத்து, கடவுச்சொல்லை நாமே குறித்து வைத்தல் வேண்டும்.

பொறியியற் கலந்தாய்வில் விருப்பங்களை வரிசைப்படுத்துவது முக்கியமான கட்டம். தரவரிசைப்படி நம் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாக நோக்கி, இடமுள்ள முதல் விருப்பமே நமக்கு ஒதுக்கப்படும். ஆதலால் மிக விரும்புவதை முதலில் எழுதுக. கிடைக்காதென அஞ்சிக் கீழே தள்ளாதீர். ஒதுக்கீடு வந்தபின் குறித்த நாளுக்குள் உறுதி செய்யத் தவறினால் இடம் போய்விடும்.

உதவிகள்

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கப்பெற்றது. கல்லூரியில் பயிலும் அத்தகைய மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. அவ்வவ்வாண்டு நடைமுறை விதிகளைப் பள்ளியில் கேட்டறிக. கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துள்ள அங்கத்தினர், பிள்ளைகளின் கல்வி உதவி பற்றியும் விசாரித்தல் நலம்.

ஒருவர் கற்ற வழியைப் பத்துப் பேருக்குக் காட்டுவதே கூட்டுறவு. சென்ற ஆண்டு பிள்ளையைச் சேர்த்த அங்கத்தினர், இவ்வாண்டு சேர்க்கவிருப்போர் வீட்டிற்கு ஒருமுறை சென்று வருவாராக. இனி நம் சங்கத்தில் எந்தப் பிள்ளையும் ஒரு தலைப்பெழுத்துப் பிழையால் ஓராண்டை இழத்தல் கூடாது.

கூடிச் சிந்திக்க:
1. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் நம் சங்கத்தில் எத்தனை பேர்?
2. அவர்களுள் எவரெவர் கையில் எல்லாச் சான்றுகளும் உள்ளன?
3. இல்லாதவருக்கு இம்மாதமே துணை செய்வார் யார்?