பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க

பழைய லாரி. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்வது, "பேட்டரி போச்சு, ரெண்டையும் மாத்திடு." 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடரிணைப்பில் இருக்கும். ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அது சின்னச் செலவு இல்லை. மாற்றிய பிறகும் அதே 'டக்' வந்தால்?

முதலில் பேட்டரியையே விசாரிப்போம். இரவு முழுக்க ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இரண்டையும் தனித்தனியா அளங்க. சேர்த்து அளந்தால் ஒன்றின் பலவீனம் மறைந்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது ஒன்று மட்டும் 9.6-க்குக் கீழே விழுந்தால் குற்றவாளி அதுதான். இரண்டும் 11-க்கு மேல் நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால், கேபிளும் எர்த்தும்தான் முதல் சந்தேகம்.

நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் முடுக்கியிருக்கும். ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட் மேல். ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு. துரு, புதுசா அடிச்ச பெயின்ட், எஞ்சின் வேலைக்குப் பிறகு மாட்ட மறந்த போல்ட் எல்லாமே அங்கேதான் வந்து சேரும். அந்தப் பட்டை போனால் கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடானால், வழி அதுதான்!

இங்கே ஓம் அளவில் மல்டிமீட்டரை வைத்து ஏமாறாதீங்க. பின்னலில் இரண்டு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 'பீப்' அடிக்கும். 300 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பில் வெறும் 0.01 ஓம் இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காலி. அதாவது 900 வாட், ஒரு அயர்ன் பாக்ஸ் சூடு. 0.01 ஓமை நம்ம மீட்டர் காட்டாது, அதன் வயருக்கே அதைவிட அதிக ரெசிஸ்டன்ஸ்.

ஆகவே லோடு ஓடும்போது வோல்ட்டை அளக்க வேண்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டாச்சா? எஞ்சின் பிடிக்காமல் இருக்க ஸ்டாப்பரை இழுத்து வையுங்க. கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே (கிளாம்பில் இல்லை), சிவப்பு முனை சுரண்டிய எஞ்சின் பிளாக்கில். ஒருத்தர் சில விநாடி செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. 2, 3 காட்டினால் பாதையைத் துண்டு துண்டாக அளங்க: கம்பம்-கிளாம்பு, கிளாம்பு-சேஸிஸ், சேஸிஸ்-எஞ்சின். வோல்ட் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கோளாறு. பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்.

கழற்றும்போது சேஸிஸுக்குப் போகும் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்க. இல்லையென்றால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டுப் பொறி பறக்கும். பக்கத்திலேயே பேட்டரி விடும் ஹைட்ரஜன். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளன்னு தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்க.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் இரண்டு பேட்டரியையும் சேர்த்து ஒருமுறை அளங்க. சுமார் 28 வோல்ட் வரணும். 25-லேயே நின்றால் அடுத்து டைனமோ பெல்ட்டைப் பாருங்க.