பழுதுற்ற மின்சாரப் பெட்டியின் மின்கலவடுக்கை மீட்டல்

2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டபோது, கையில் எடுத்துச் செல்லக்கூடிய மின்சாரப் பெட்டியின் பயன் யாவர்க்கும் விளங்கிற்று. அப்பெட்டி பழுதுற்றால் உடனே எறிந்துவிடல் வேண்டா. பல வேளைகளில் 230 வோல்ற்று மின்னை ஆக்கும் பகுதியே கெட்டிருக்கும். உள்ளிருக்கும் இலிதிய மின்கலவடுக்கு நன்றாயிருத்தல் கூடும். உத்தரவாதக் காலம் முடியாதிருப்பின் முதலில் விற்றவரிடம் கொடுக்க.

செய்முறை:

1. பெட்டியை நிறுத்தி, சூரியத் தகட்டு இணைப்பைக் கழற்றி, ஒரு நாள் விடுக. வைக்கோலும் நெல்லும் இல்லாத திறந்த இடத்தில், மோதிரம், கைக்கடிகாரம் நீக்கியபின் திறக்க. மின் வேலை அறிந்தவர் உடனிருத்தல் நன்று.

2. கலங்கள் வீங்கியோ, கசிந்தோ, மணம் வீசியோ இருப்பின் தொடற்க. கண்டியின் ஈரத்தால் முனைகளில் பச்சை பூத்திருப்பினும் ஐயுறுக.

3. கம்பிகளை ஒவ்வொன்றாகவே வெட்டி, முனைகளை உடனே நாடாவால் மூடுக. பாதுகாப்புச் சுற்றைக் கழற்றற்க.

4. இலிதிய இரும்புப் பொசுபேற்றுக் கலம் ஒன்று 3.2 வோல்ற்று. கலமொன்று 2 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருப்பின் அவ்வடுக்கை மின்னேற்றற்க.

5. தொடராயுள்ள 4 கலங்கள் 12.8 வோல்ற்று, 12 வோல்ற்றுத் தெளிகருவிக்கு ஏற்றது. 8 கலங்கள் 25.6 வோல்ற்று, அதனை இணைத்தால் பம்பி கெடும். உருகி ஒன்றை இடையில் வைக்க.

6. ஈயமில மின்கலத்துக்குரிய மின்னேற்றியை விடுத்து, இவ்வகைக் கலத்துக்கென அமைந்த 14.6 வோல்ற்று மின்னேற்றியையே கொள்க. இரவில் வீட்டினுள் மின்னேற்றற்க.

பயனற்ற கலங்களை வயலிலோ வாய்க்காலிலோ நெருப்பிலோ இடாது, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க. ஐயம் எழுமிடத்து அடுக்கை இழத்தல் மேல். களஞ்சியத்தை இழத்தல் ஆகாது.