வீட்டுக் கணக்கில் மூன்றாவது பத்தி



மண்ணுக்கும் விதைக்கும் மாட்டுக்கும் பாடம் படிக்கிறோம். இந்த முறை வீட்டுச் செலவுக்கு ஒரு பாடம். இயற்கை வழிக்கு வந்து பாதியில் திரும்பிப் போனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களைத் திருப்பி அனுப்பியது பூச்சியோ களையோ இல்லை, மாதக் கடைசியில் காலியாகிவிடும் பணப்பைதான். நானும் அந்த இடம் வரைக்கும் போய் வந்தவன்.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றதும் காவாந்தண்டலத்தில் ஏரிப் பாசனத்தில் உள்ள எங்கள் மூன்று ஏக்கரை நானே செய்ய ஆரம்பித்தேன். கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி போர்வெல்லுக்கும் கொட்டகைக்கும் மாட்டுக்கும் போனது. ஏக்கருக்கு 25 மூட்டை கண்ட நிலம் முதல் சம்பாவில் 12 மூட்டைதான் தந்தது. சான்று விதிப்படி பார்த்தாலும் ஒருபருவப் பயிருக்கு 2 ஆண்டு, மரப்பயிருக்கு 3 ஆண்டு மாறுகாலம் உண்டு. அதுவரை இயற்கை விளைபொருள் என்று சான்றோடு விற்க முடியாது. அதாவது விளைச்சல் இறங்கும், விலை ஏறாது.

இரண்டாம் வருஷம் மனைவியின் வளையல்களை அடகு வைத்தேன். எத்தனையோ பேருடைய நகைக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன், அன்றைக்கு கவுண்டருக்கு வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் வழியில் உரக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஒரு மூட்டை யூரியா முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அன்று ராத்திரியே கணக்கு நோட்டைத் திறந்தேன்.

கணக்கு சொன்ன செய்தி

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் கணக்குக்குப் பெயர் போனது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலைக்கு எழுதக் கூடாது என்று அதில் விதி உண்டு. அந்த மண்ணில் இருந்துகொண்டு என் வீட்டுக்கு நானே கணக்குக் காட்டாமல் இருந்தேன்.

மூன்று மாதச் செலவை எழுதிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, எண்ணெயில் பெரிதாக ஓட்டை இல்லை. காஞ்சிபுரம் போய் வருவது, ஓட்டல் டிபன், பேக்கரி, டீக்கடை, ஆன்லைனில் வாங்கிய சில்லறைச் சாமான்கள் என்றுதான் பணம் போயிருந்தது. அதில் பாதிக்கு மேல் பசிக்காகச் செய்த செலவு இல்லை. வேலை அலுப்பு தீர, கொஞ்சம் சந்தோஷமாக இருக்கச் செய்த செலவு.

அதிகாரி புத்தி சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். மாதம் ஐயாயிரம் மிச்சமானது. வீட்டில் பேச்சும் நின்றது. பத்தாம் நாள் மனைவி கேட்டார்: “ஏங்க, சிக்கனமா இருக்கலாம். சிடுசிடுன்னும் இருக்கணுமா?”

அப்போதுதான் ஜே.சி. குமரப்பா நினைவுக்கு வந்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து லண்டனில் கணக்கியல் படித்தவர், காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர். வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பது தவறு, சிக்கலானது, எளியது என்றுதான் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். எளிய வாழ்க்கை தாழ்ந்த வாழ்க்கை ஆகிவிடாது. நான் செய்த தப்பு புரிந்தது. செலவை எடுத்தேன், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

இடத்தை நிரப்பியவை

வரப்புக் கீரை: பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருநாள், “இன்னா பேங்க் சார், வரப்புல இருக்கிறத உட்டுட்டு சந்தையில கட்டு வாங்கிட்டு வர்றீங்க?” என்றார். களைக்கொல்லி நிறுத்திய இரண்டாம் வருஷம் எங்கள் வரப்பில் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, குப்பைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் தானாக வந்திருந்தன. மருந்தடிக்கும் வயலின் வடிநீர் ஓடும் பக்கம் பறிக்காதீர்கள். அடையாளம் தெரியாத செடியைத் தெரிந்தவரிடம் காட்டாமல் சட்டியில் போடாதீர்கள்.

பழைய சோறு: மாப்பிள்ளைச் சம்பாச் சோறு நன்றாக ஆறியதும் மண்சட்டியில் மூழ்க நீர் ஊற்றி, 8 முதல் 10 மணி நேரம் விடுங்கள். நுண்ணுயிர்கள் லேசாகப் புளிக்க வைக்கும். வெயில் காலத்தில் நேரத்தைக் குறைக்க வேண்டும். காலையில் உப்பு, மோர், சின்ன வெங்காயம் போதும். டிபன் செலவு அதோடு போயிற்று, பதினோரு மணிப் பசியும் போயிற்று.

பனங்கிழங்கு: ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி, மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் போட்டு மூடினோம். மழையே தண்ணீர் பாய்ச்சியது. தையில் தோண்டி, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்தோம். பொங்கலுக்கு வந்த பேரப்பிள்ளைகள் பேக்கரியைக் கேட்கவில்லை. தோண்டுவதுதான் அவர்களுக்கு விளையாட்டு.

கூத்து: எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துப் போனால் போதும். நாற்பது வருஷம் கழித்துப் போய் உட்கார்ந்தேன்.

சிக்கனம் ஏறக் கூடாத இடங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பொய்யாகிவிடும். எனக்குப் பென்ஷன் உண்டு. பக்கத்துப் பெரியவருக்கு இல்லை. பென்ஷன் இல்லாதவர்கள் மூன்று ஏக்கரையும் ஒரே பருவத்தில் மாற்றாதீர்கள். ஒரு ஏக்கரில் ஆரம்பியுங்கள். கூலியில், மருந்துச் செலவில், பிள்ளைகள் படிப்பில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மூன்றாவது மாதம் மனைவி சொன்னார்: “உங்க சிக்கனம் என் முதுகுல ஏறுதுங்க.” உண்மைதான். கீரையைப் பறித்துக் கொண்டுவந்து போடுவது ஐயா. ஆய்வது, அலசுவது, ஆக்குவது எல்லாம் அம்மா. அன்றிலிருந்து கீரை ஆய்வது என் வேலை. சாயங்காலம் திண்ணையில் முறத்தோடு உட்காருவேன். அவரும் வந்து உட்காருவார். அந்த அரைமணிப் பேச்சு, வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

செய்து பார்க்க

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவது வரவு, இரண்டாவது செலவு. மூன்றாவதில், காசு கொடுக்காமல் அன்றைக்குக் கிடைத்த ஒரு சந்தோஷத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அதற்கு உழைத்தவர் யார் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். மாதக் கடைசியில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் மாதம் ஆபத்தான மாதம். உரக்கடை முன்னால் வண்டி நிற்கப்போகும் மாதம் அதுதான்.

மூன்றாம் சம்பாவில் ஏக்கருக்கு 19 மூட்டை கண்டோம். அடுத்த தையில் வளையல்களை மீட்டேன். மூன்றாவது பத்தியில் அன்றைக்கு எழுதியது: “கரிசலாங்கண்ணிக் கூட்டு. பறித்ததும் ஆய்ந்ததும் நான். ஆக்கியது அவர்.”