வெள்ளம் குடித்த கார்

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் அப்பாவின் பழைய மாருதி 800 மூழ்கியது. இன்சூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' என்றார்கள். விற்க மனமில்லை, ஷெட்டிலேயே நிற்கிறது. சரிசெய்யலாமா?
– வாசகி, சிந்துபூந்துறை

பதில்: 'டோட்டல் லாஸ்' என்றால் கார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, அம்மா. ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்ட மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். பழைய காருக்கு அந்த மதிப்பே சொற்பம். இன்ஜினைப் பிரித்தாலே தாண்டிவிடும். உடைசல் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்து, காரை உங்களிடமே விடும் வழியும் உண்டு. நீங்கள் எதில் கையெழுத்திட்டீர்கள், ஆர்.சி. ரத்தாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். ரத்தாகியிருந்தால் சாலையில் ஓட்ட முடியாது.

தாமிரபரணி அன்று வெறும் தண்ணீரையா கொண்டுவந்தது? வண்டலையும் அல்லவா! அது கதவின் அடிக்குள்ளும் சேசிஸ் இடுக்கிலும் தங்கி, ஈரம் காத்து, இரும்பைத் தின்னும். ஆகவே இன்ஜினைவிட அடித்தகட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தகடு உறுதியாக இருந்தால், நான் சரிசெய்யவே சொல்வேன். கார்புரேட்டர் மாடல் என்றால் இன்னும் எளிது. கெட்டுப்போக கம்ப்யூட்டரே கிடையாது. தகடு அரித்திருந்தால் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள். அப்பா பிடித்த ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.