கம்பைலர் உங்கள் கணினியை ஆராய்வதில்லை

மூலநிரலை இறக்கிச் சொந்தக் கணினியிலேயே கம்பைல் செய்துகொண்டால், கம்பைலர் நம் பிராசஸரை ஆராய்ந்து அதற்குப் பொருத்தமான நிரலைத் தயாரித்துக் கொடுக்கும், ஆகையால் அது ஆயத்தமாகக் கிடைக்கும் பேக்கேஜைக் காட்டிலும் வேகமாக ஓடும் என்கிற வதந்தி, அனுபவசாலிகளான புரோகிராமர்களிடையேகூட, எத்தனை முறை மறுத்தாலும் சலிப்பின்றி உலவி வருகிறது. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆரம்பத்திலேயே கணினியின் வகையை அச்சிட்டுக் காட்டுவதுதான் இந்தப் பிரமைக்கு மூலகாரணம் போலும். அது கண்டுபிடிப்பது ஆர்க்கிடெக்சரின் குடும்பத்தை மட்டுமே, உங்கள் மேஜைமேல் இருக்கும் மாடலை அல்ல. ஜி.சி.சி. கம்பைலரின் இயல்பான இலக்கு, அந்த ஜி.சி.சி.யை உருவாக்கியவர் அப்போது நிர்ணயித்ததே ஆகும். அவர் எதையும் குறிப்பிடாதிருந்தால், 64-பிட் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளுக்கு அது 2003-இல் ஆப்டெரான் வெளிவந்தபோது இருந்த, எஸ்.எஸ்.இ.2 வரையிலான கட்டளைத் தொகுதியோடு நின்றுவிடுகிறது. இதைச் சோதித்தறிய ஜி.சி.சி.யிடம் அதன் இலக்கு அமைப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் போதும். அந்த ஒரு நிமிஷ வேலைக்கு அவகாசம் இல்லாதவர்களுக்கு மணிக்கணக்காக வாதாட மட்டும் அவகாசம் கிடைத்துவிடுகிறது.

"அப்படியானால் மார்ச்-நேட்டிவ் ஃபிளாகைப் போட்டுவிடுகிறோம்" என்பார்கள். தன் கணினியில் மட்டுமே ஓடப்போகும் நிரலுக்கு அது உத்தமம். ஆனால் அந்த ஃபிளாக் பார்ப்பது கம்பைல் நடக்கும் கணினியை. நிரல் போய்ச் சேரப்போகும் கணினியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பில்ட் சர்வரில் அதைப் போட்டுவிட்டு, வாடிக்கையாளரிடம் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நிரல் விழுந்ததும் விதியை நொந்துகொள்வதில் என்ன நியாயம்? புதிய பிராசஸர் பழையதன் கட்டளைகளையெல்லாம் அறியும் என்ற சமாதானமும் செல்லாது. 2021-இல் வந்த இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸரில் இருந்த ஏ.வி.எக்ஸ்-512, அதே வருஷத்துக் கடைசியில் வந்த 12-ஆம் தலைமுறையில் அதிகாரபூர்வமாக முடக்கப்பட்டது.

மற்றத் தப்பெண்ணங்களுக்கு இவ்வளவு விஸ்தாரம் தேவையில்லை. மேக் கணினியில் ஜி.சி.சி. என்று தட்டினால் ஓடுவது ஆப்பிளின் கிளாங். சிமேக்கில் முதல் முறை தேர்வான கம்பைலர் கேஷில் பதிந்துவிடுவதால், பிற்பாடு சி.சி. மாறியை மாற்றுவதால் யாதொரு பயனும் இல்லை. லினக்ஸில் பில்ட் டைப்பைக் குறிக்காமல் விட்டால் சிமேக் எந்த ஆப்டிமைசேஷன் ஃபிளாகையும் தானாகச் சேர்ப்பதில்லை. அந்த நிலையில் ஏ.வி.எக்ஸ். பற்றித் தர்க்கம் செய்கிறவர்களை என்னவென்று சொல்வது!

அடிப்படை இலக்கையே உயர்த்திவிட்டால் தொல்லை தீரும் என்போரும் உண்டு. ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 9-ஆம் பதிப்பில் வி2 என்னும் கட்டளைத் தொகுதி மட்டத்தையும், 2025-இல் வந்த 10-ஆம் பதிப்பில் ஏ.வி.எக்ஸ்.2 அடங்கிய வி3 மட்டத்தையும் விதித்திருக்கிறது. 2020-இல் புதிதாக விற்பனைக்கு வந்த பென்டியம், செலரான் பிராசஸர்கள் சிலவற்றில்கூட ஏ.வி.எக்ஸ்.2 கிடையாது என்பதை நினைத்தால், நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் எத்தனை கணினிகள் இதனால் அகாலத்தில் குப்பைக்குப் போகும் என்ற ஆதங்கம் எனக்கு எழாமலில்லை. இலக்கை உயர்த்தாமலும் வழி உண்டு: லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.33 முதல், ஒரே லைப்ரரியைப் பல மட்டங்களுக்குக் கம்பைல் செய்து அருகருகே வைத்துவிட்டால், ஓடும் நேரத்தில் பிராசஸருக்கு ஏற்றதை லோடரே தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. ரெட் ஹாட் லினக்ஸை ஒட்டி உருவாகும் அல்மாலினக்ஸ் 10, வி2 கணினிகளுக்கென்று தனிப் பதிப்பே வெளியிடுகிறது. இலக்கை பில்ட் கோப்பில் வெளிப்படையாக எழுதி, அந்த மட்டத்திலுள்ள மிகப் பழைய கணினி ஒன்றில் ஓட்டிப் பார்த்த பிறகு வெளியிடுங்கள். அந்தப் பழைய கணினியைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.