நீண்ட வடங்களில் வெப்பவுணரிகளைப் பிழையின்றி இயக்கும் முறை
(ஓமந்தைப் பகுதி விதைநெற் களஞ்சியங்களுக்கானது)

முகவுரை

பெரும்போக நெல் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகி, அடுத்த பெரும்போகத்து விதைப்பு வரை விதைநெல்லாகக் களஞ்சியத்தில் இருக்கின்றது. இக்காலத்தில் ஈரம் மிகுந்த மூட்டை ஒன்று உள்ளே அகப்பட்டிருப்பின், அதிற் பூஞ்சணமும் வண்டும் பெருகிச் சூடு பிறக்கும். அச்சூடு வெளியே தெரியுமுன்னரே முளைதிறன் குன்றிவிடும். நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படாத ஈரத்துடன் உலர்த்திக் கட்டுவது முதற் காவல். அடுக்கின் நடுவில் வைக்கும் வெப்பவுணரி இரண்டாவது காவல்.

யான் பார்வையிட்ட ஒரு களஞ்சியத்தில், நீண்ட வடமொன்றிற் கோத்த உணரிகள் 31 பாகை என்று காட்டுவதற்கிடையில் 85 என்றும், −127 என்றும் காட்டி வந்தன. பொறுப்பாளர் கருவி பிதற்றுகின்றதென்று பழகிப்போனார். பின்னர் ஓரிடத்தில் 41, 43 என்று ஏறியபோதும் அதனைப் பிதற்றலென்றே விட்டுவிட்டார். அது மெய்யான சூடு. மூட்டைகளைப் பிரித்தபோது விதை கெட்டிருந்தது. ஆகவே, பிழை காட்டும் கருவி, கருவி இல்லாமையினும் தீது என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பிழை எண்களின் பொருள்

இங்கு கூறப்படுவது டீ.எஸ்.18பீ20 என்னும் உணரியாகும். −10 முதல் 85 பாகை வரை அரைப் பாகைக்குள் இது சரியாக அளக்கும். மின் கிடைத்தவுடன், அளவீடு முடியுமுன் வாசித்தால் 85 என்று காட்டும். ஓர் அளவீட்டுக்கு முக்காற் செக்கன் வரை செல்லும். ஆதலால் அடிக்கடி 85 தோன்றினால், மின் விட்டுவிட்டு வருகின்றது, அல்லது வாசிப்பு அவசரப்படுகின்றது என்று அறிக. −127 என்பது உணரியின் விடையன்று. உணரியிடமிருந்து நல்ல விடை வரவில்லையென்று கணிப்புநிரல் இடும் குறியாகும்.

வடம் நீண்டாற் கெடுவது ஏன்?

கருவியும் உணரியும் தரவுக்கம்பியின் அழுத்தத்தைக் கீழே இழுத்துப் பேசுகின்றன. அதனை மீண்டும் மேலே உயர்த்துவது ஒரு தடையியாகும். ஒவ்வொரு குறியையும் கருவி 15 மைக்குரோ செக்கனுக்குள் வாசித்துவிடுகின்றது. வாய்க்கால் நீண்டாற் கடைக்கோடி வயலுக்கு நீர் சேரப் பொழுது செல்வதுபோல, வடம் நீண்டால் அதன் கொள்ளளவம் கூடி, அழுத்தம் உயரப் பொழுது செல்கின்றது.

மீற்றருக்கு 50 பிக்கோ பரட்டு எனக் கொண்டால், 100 மீற்றர் வடத்துக்கு 5,000 பிக்கோ பரட்டு ஆகும். வழக்கமான 4.7 கிலோ ஓம் தடையியுடன் இதனைப் பெருக்க 23.5 மைக்குரோ செக்கன் வரும், இது தாமதம். 1.5 கிலோ ஓம் ஆயின் 7.5 மாத்திரமே.

செய்ய வேண்டியவை

1. வடத்தை ஒரே நெடுங்கோடாக இடுக. நடுவிலிருந்து நாற்புறமும் கிளைகள் விடின் குறிகள் முனைகளில் மோதித் திரும்பி ஒன்றையொன்று குழப்பும். உணரிக்குச் செல்லும் கிளைக்கம்பி இயன்ற அளவு குறுகியதாக இருத்தல் வேண்டும்.

2. கணினி வலையமைப்புக்குப் பயன்படும் முறுக்கிய சோடி வடம் ஏற்றது. தரவுக்கம்பியும் தரைக்கம்பியும் ஒரே சோடியில் அமைக. மின் வழங்கும் கம்பி வேறு சோடியிற் செல்க. எஞ்சிய கம்பிகளை எம்முனையிலும் இணைக்காது விடுக.

3. தடையியை 4.7 இலிருந்து 2.2 கிலோ ஓமுக்கும், போதாதாயின் 1.5 கிலோ ஓமுக்கும் குறைக்க. அதனினும் குறைத்தால், 5 வோல்ற்றில் உணரியால் கம்பியைக் கீழே இழுக்க இயலாது போகலாம். கருவி 3.3 வோல்ற்றுக்குரியதாயின் தடையியை 3.3 வோல்ற்று முனையுடன் மாத்திரம் இணைக்க.

4. இரு கம்பிகளால் மட்டும் இயக்காது மூன்று கம்பிகளையும் இணைக்க. ஒவ்வோர் உணரியின் அருகிலும் மின்கம்பிக்கும் தரைக்கம்பிக்கும் இடையில் 0.1 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவி ஒன்று வைக்க. கடைசி உணரியில் அழுத்தம் 3 வோல்ற்றுக்குக் குறையலாகாது.

5. மூட்டுக்களை முறுக்கி விடாது ஈயம் பற்றவைத்து, நீர் புகாது மூடுக. எலி கடியாதபடி வடத்தைக் குழாயினுட் செலுத்துக. வீட்டு மின்கம்பியுடன் சேர்த்துக் கட்டலாகாது; குறுக்கிட நேரின் செங்கோணமாகக் கடக்க. இடிமின்னல் மிகும் சித்திரையிலும் ஐப்பசியிலும் மழை இருளும்போது வடத்தைக் கருவியிலிருந்து கழற்றி வைக்க.

சோதித்தல்

மூட்டை அடுக்குமுன் உணரிகளை உருகும் பனிக்கட்டி நீரில் இடுக; அரைப் பாகைக்குள் சுழியம் காட்டாதவற்றை விலக்குக. ஒவ்வோர் உணரிக்கும் தனித் தொடரெண் உண்டு. அதனையும் வைக்கும் இடத்தையும் ஏட்டிற் பதிக. பின்னர் வடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, ஒவ்வொரு முறையும் ஒருநாள் வாசித்துப் பார்க்க. எந்த உணரியை இணைத்தபின் பிழை தொடங்குகின்றதோ, அவ்விடத்து மூட்டையும் கிளையையும் முதலில் ஆராய்க.

முடிவுரை

வடம் செம்மையானபின் 85உம் −127உம் அருகிவிடும். தோன்றினும் அவற்றை ஏட்டில் எழுதாது மீண்டும் வாசிக்க. ஆனால் ஓர் உணரி அயலிலுள்ளவற்றினும் நாளுக்கு நாள் உயர்ந்து செல்லுமாயின் கருவியைக் குறைகூறாது, அன்றே மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்க்க. அடுத்த போகத்தின் வயல் அம்மூட்டையில் இருக்கின்றது.