பணி ஓய்வும் மாநில மாற்றமும்: முன்னேற்பாட்டுக்கு ஒரு பாடம்

பணி ஓய்வு பெறுவதும், நெடுங்காலம் வாழ்ந்த ஊரை விட்டு வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்வதும் தனித்தனியே பெரிய மாற்றங்கள். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நேரும் குடும்பங்கள் பல. வருமானம் குறையும் வேளையிலேயே முகவரி, மருத்துவர், கடைத்தெரு மொழி ஆகிய அனைத்தும் மாறுகின்றன. எவற்றை முன்கூட்டியே முடிக்க வேண்டும், எவற்றைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை அறிந்திருப்பது இப்போது மிகவும் தேவை.

சென்னையில் சொந்த வீட்டில் வாழும் தம்பதியர், ஓய்வுக்குப் பின் புணேயில் பணியாற்றும் மகளுடன் வாழ முடிவு செய்கின்றனர் எனக் கொள்வோம்.

சொந்த வீடு: விற்பதற்கு முன்

வீட்டை விற்று, அத்தொகையை மகள் வாங்கவிருக்கும் அடுக்ககத்தில் சேர்த்துவிடலாம் என்னும் எண்ணம் இயல்பாகவே எழும். ஆயினும் முதல் ஓராண்டுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதே நன்று. புதிய ஊரின் தட்பவெப்பம் உடலுக்கு ஒவ்வாமல் போகலாம்; மகளுக்கே வேறு ஊருக்கு மாறுதல் வரலாம். திரும்பிவர ஓர் இடம் இருப்பது முதுமையில் பெரிய பாதுகாப்பாகும்.

விற்பதே முடிவானால், வரியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றுக் கிடைக்கும் ஆதாயம் நீண்டகால மூலதன ஆதாயமாகும். அதனைக் கொண்டு 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, 3 ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு கோரலாம். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவிடப்படாத ஆதாயத்தை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். புதிய வீடு பிள்ளைகள் பெயரில் மட்டும் வாங்கப்பட்டால் விலக்கு குறித்துச் சிக்கல் எழலாம்.

பிள்ளைகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதுவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன் 23ஆம் பிரிவின்படி, அடிப்படை வசதிகளும் தேவைகளும் அளிக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனையுடன் மாற்றிய சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் வழியே திரும்பப் பெற இயலும். அந்நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது நலம். இதனை ஐயத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை. இருதரப்பு உறவையும் அது காக்கும்.

கணக்கும் ஓய்வூதியமும்

வங்கிக் கணக்கை மூடிப் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. அதே வங்கியின் புணேக் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கணக்கு எண் பொதுவாக மாறாது, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறும். ஆகவே வருமான வரி, பங்கு ஈவுத்தொகை, காப்பீடு ஆகியவற்றுக்குத் தந்துள்ள விவரங்களைத் திருத்த வேண்டும். பி.பி.எஃப். கணக்கையும் வேறு கிளைக்கு மாற்றலாம். அது தொடர் கணக்காகவே கருதப்படும்.

மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும்; 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் முதலே அளிக்கலாம். ஜீவன் பிரமாண் வழியே, முகத்தை அடையாளம் காணும் செயலியைக் கொண்டு வீட்டிலிருந்தே இதனைச் செய்யலாம்.

தம்பதியர் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு இருப்பது நன்று. எவரேனும் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர் இயக்கலாம் என்னும் முறையில் அது அமையட்டும். நியமனதாரர் பதிவையும் சரிபார்க்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்பவரே. அதற்கு யார் உரிமையாளர் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும்.

பெட்டகமும் நகையும்

பாதுகாப்புப் பெட்டகம் கணக்கைப் போல் கிளை மாறாது. நேரில் சென்று காலி செய்து, சாவியை ஒப்படைக்க வேண்டும். முன்பணமாகச் செலுத்திய வாடகையில் எஞ்சிய காலத்திற்குரிய பகுதி திரும்பக் கிடைக்கும். புணேயில் பெட்டகம் உறுதியான பின்னரே சென்னையில் காலி செய்க. நகைகளையும் மூலப் பத்திரங்களையும் சாமான்களோடு லாரியில் அனுப்பலாகாது. ஏற்றப்படும் பொருள்களைப் பட்டியலிட்டு, மதிப்பிட்டு, பயணக் காப்பீடு எடுத்துக்கொள்க.

ஆவணங்களும் வாகனமும்

மகள் வீட்டில் வாழும் பெற்றோர் தம் பெயரில் முகவரிச் சான்று இன்றித் தடுமாறுவர். குடும்பத் தலைவரின் ஒப்புதலுடன் ஆதார் முகவரியை மாற்றும் வசதி 2023 முதல் உள்ளது. மகளே குடும்பத் தலைவராக ஒப்புதல் அளிக்கலாம். அதன்பின் வங்கி முகவரியையும், படிவம் 8 வழியே வாக்காளர் பட்டியலையும் திருத்துவது எளிதாகும். சென்னையின் சமையல் எரிவாயு இணைப்பை ஒப்படைத்தால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.

வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கு மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. கடன் நிலுவையிருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். புதிய மாநிலத்தில் வரியும் செலுத்த வேண்டும். பழைய வாகனமாயின் விற்றுவிடுவதே சில வேளைகளில் சிக்கனம்.

பயிற்சி

ஒரு தாளில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து மாதம் எவ்வளவு வரும்? மகள் வீட்டுச் செலவில் நம் பங்கு எவ்வளவு?

2. எவரையும் கேளாமல் எடுத்துச் செலவிட, ஆறு மாதச் செலவுக்குரிய தொகை நம் கணக்கில் உள்ளதா?

3. நம்மில் ஒருவர் மறைந்தால், மற்றவர் எங்கு, எதைக்கொண்டு வாழ்வார்?

மூன்றாம் வினாவைப் பல குடும்பங்கள் பேசாமல் தவிர்க்கின்றன. சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு அதற்கு விடை காண்பது நன்று.